ஏறிச் செல்ல ஒரு வாகனம்

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் பிரயாணத்தில் இருந்த சமயம். ஒரு மனிதர் தம் வாகனப் பிராணியின் மீது அங்கே வந்து சேர்ந்தார். வந்தவர் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வையின் அர்த்தத்தை நாயகம் (ஸல்) அவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். ஏறிச் செல்லும் வாகனம் எவரிடம் மிகுதியாக உள்ளதோ அவர் அது இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும், கட்டுச்சோறு எவரிடம் மிகுதியாக உள்ளதோ அவரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்றும் கூட்டத்தாருக்குச் சொன்னார்கள். பிறகு இன்னும் பல வகைப் பொருள்களைச் சொல்லிக்கொண்டே போனார்கள். தேவைக்கு மிஞ்சிய எதிலும் தங்களுக்குப் பாத்தியதை இல்லையோ என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்களாம். அபூ சயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

இந்த ஹதீஸை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு சங்கதிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஒன்று, நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் சொன்னது சாப்பாட்டை அல்ல, வாகனத்தை. இரண்டு, அந்த மனிதர் கேட்கவே இல்லை. கேட்காதவருக்குக் கொடுக்கும்படிதான் அங்கே உத்தரவு பிறந்தது.

வாகனத்தில் ஏற்றிவிடுவதே ஒரு தர்மம் என்று தனியாகவும் ஒரு ஹதீஸ் உண்டு. மனிதனுடைய ஒவ்வொரு மூட்டுக்காகவும் சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ஸதக்கா கடமையாகிறது என்று தொடங்கி, அந்த ஸதக்காக்களை நாயகம் (ஸல்) அவர்கள் வரிசையாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அவருடைய வாகனத்தின் மீது ஏற உதவுவதும், அவருடைய சாமானைத் தூக்கி அதன் மேல் வைத்துக் கொடுப்பதும் அந்த வரிசையில் வருகின்றன. அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் உள்ளது. மூட்டை தூக்கி விடுவது நமக்குப் பழக்கமான வேலை. அதற்கும் கூலி உண்டு என்றால் வியாபாரிக்குச் சந்தோஷமான செய்திதானே!

இனி தபூக்கைப் பார்ப்போம். ஹிஜ்ரி 9, கி.பி. 630. கடுங்கோடை; பேரீச்சம் பழம் பழுக்கும் காலம்; மதீனாவிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலைவன வழி. நடந்து போக முடியாத தூரம். அப்போது சில ஏழைத் தோழர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாங்களும் புறப்பட ஆசைப்படுவதாகவும் ஏறிச் செல்ல வாகனம் வேண்டும் என்றும் கேட்டார்கள். கொடுக்க நாயகத்திடம் வாகனம் இல்லை. இல்லை என்று கேட்டதும் அவர்கள் கண்ணீர் பெருகத் திரும்பிப் போனார்கள். செலவழிக்கத் தங்களிடம் ஒன்றும் இல்லையே என்ற துக்கம் அது. திருமறையின் 9-ஆம் அத்தியாயம் 92-ஆம் வசனத்தில் அல்லாஹ் அவர்களைப் பற்றிச் சொல்கிறான். அழுதவர்கள் என்ற பெயரே அவர்களுக்குச் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் பசிக்காக அழுதிருக்கிறார்கள். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வழியில்லையே என்று அழுதவர்களின் கண்ணீர் வேதத்தில் ஏறியிருக்கிறது.

அதே தபூக் படைக்காக உஸ்மான் (ரலி) அவர்கள் எழுந்து நூறு ஒட்டகங்கள், பிறகு இருநூறு, பிறகு முந்நூறு என்று ஏற்றிக்கொண்டே போன செய்தி திர்மிதியில் இருக்கிறது. அவர்கள் துணி வியாபாரம் செய்தவர்கள் என்பதை நம்மவர்களுக்கு நினைவூட்டுவதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம். ஆனால் என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்தவர் வேறொருவர். இப்னு யாமீன் இப்னு உமைர் என்பவர். அழுதுகொண்டு திரும்பியவர்களில் இருவரை அவர் வழியில் சந்திக்கிறார். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கிறார். விஷயத்தை அறிந்ததும் தண்ணீர் இறைக்க வைத்திருந்த தம் ஒட்டகம் ஒன்றையும் வழிச்சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பேரீச்சம் பழத்தையும் கொடுத்து அனுப்புகிறார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒட்டகம். இப்னு இஸ்ஹாக்கின் சரித்திரத்தில் காணலாம். முந்நூறு ஒட்டகம் நம்மால் ஆகாது. ஏன் அழுகிறீர்கள் என்று கேட்பது நம்மால் ஆகும்.

இவற்றையெல்லாம் இங்கே எழுதக் காரணம் தெம்பனிஸ்.

தெம்பனிஸில் விரைவு ரயில் 1989-லேயே வந்துவிட்டது. 2017-ல் டவுன்டவுன் ரயில் பாதையும் வந்தது. பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வாகனத்துக்கு இங்கே என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். வாகனத்துக்குப் பஞ்சமில்லை, உண்மை. ஏறுவதற்குக் காசு வேண்டும். ஒட்டகம் இருந்த இடத்தில் இன்று கட்டண அட்டை இருக்கிறது. அட்டையில் பணம் தீர்ந்தால் நுழைவாயில் திறக்காது.

என் கடைக்கு வரும் ஒரு சகோதரியின் விஷயத்தைச் சொல்கிறேன். தென்காசிப் பக்கத்துப் பெண். இங்கே நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார். கணவருக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. வாடகை வீடு. மூத்த பெண் பிள்ளைக்கு ஏழு வயது. கம்போங் கிளாம் பக்கத்து மதரஸா ஒன்றில் தொடக்கநிலை படிக்கிறது. இளையவனுக்கு மூன்று வயது. சில மாதங்களாகக் காலை ஆறு மணிக்கு முன்னே இருவரையும் கூட்டிக்கொண்டு போகும் அந்தப் பெண் பிற்பகலில்தான் திரும்புவதைக் கண்டேன். நடுவில் வீட்டுக்கு வருவதே இல்லை. ஒரு நாள் கேட்டேன்:

“என்ன தங்கச்சி, கொண்டு விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போகக்கூடாதா? சின்னவன் வாடிப்போறானே.”

“வந்துட்டுப் போனா இரண்டு பயணக் காசு கூட ஆகுது பாய். பள்ளிவாசல் பக்கம் உக்காந்திருந்தா பொழுது போயிடும்.”

சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை.

சகோதரர்களே, நாம் கணக்குத் தெரிந்தவர்கள். இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஏழு வயது நிறையாத பிள்ளைக்குப் பேருந்திலும் ரயிலிலும் கட்டணம் இல்லை. பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சலுகைக் கட்டணம். பெரியவர் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக ரயிலேற்றி அனுப்ப எந்த உம்மாவுக்குத் துணிவு வரும்? கூட ஒருவர் போக வேண்டும். கூடப் போகிறவர் கொடுப்பது முழுக் கட்டணம். பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு பயணம் என்றால், தாய்க்கு நான்கு பயணம்! காலையில் போக, வர; பிற்பகலில் போக, வர. கணக்குக்காக ஒரு பயணத்துக்கு 2 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 8 வெள்ளி. மாதத்துக்கு இருபது பள்ளி நாள் என்றால் 160 வெள்ளி. அங்கேயே காத்துக் கிடந்தால் 80 வெள்ளியோடு போகும். அந்தச் சகோதரி தினமும் ஆறு மணி நேரத்தை விற்று 4 வெள்ளி மிச்சம் பிடிக்கிறார். மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு தையல் வேலையோ சமையல் வேலையோ வீட்டிலிருந்து பார்க்கலாம். சின்னவனைப் பாலர் பள்ளியில் சேர்க்கலாம். ஏழையின் நேரத்துக்கு மட்டும் நாம் விலை போடுவதில்லை.

“அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்கிறதே!” என்று நம் கடைத்தெருவில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கொடுக்கிறது, மறுப்பவன் நன்றி கெட்டவன். யாருக்குக் கொடுக்கிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

பொதுப் போக்குவரத்துப் பற்றுச்சீட்டு என்று ஒன்று கட்டண உயர்வுகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு உயர்வின்போது ஒரு வீட்டுக்கு 50 வெள்ளி. 2024-ஆம் ஆண்டு உயர்வின்போது 60 வெள்ளி. அந்த 2024-ஆம் ஆண்டுச் சுற்றில், வீட்டில் தலைக்கு மாத வருமானம் 1,800 வெள்ளிக்கு மேற்படாதவர்கள் தகுதி பெற்றார்கள். 60 வெள்ளி லேசான தொகையல்ல. ஆனால் நாம் மேலே போட்ட கணக்கில் அது ஏழரை நாளைக்கு வரும்.

வேலைநலன் துணை வருமானம் பெறும் குறைந்த சம்பளக்காரர்களுக்கு 2014 முதல் கட்டணச் சலுகை அட்டை இருக்கிறது. 2025 முதல் மாதம் 3,000 வெள்ளி வரை சம்பாதிக்கும், 30 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் வேலைநலன் திட்டத்தில் வருகிறார்கள். நம் கடைகளிலேயே இத்தகுதி உள்ள ஊழியர்கள் இருப்பார்கள். அவர்களிடம் அட்டை இருக்கிறதா என்று முதலாளி ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. ஆனால் சலுகை எதைப் பின்தொடர்கிறது பாருங்கள். அது வேலையைப் பின்தொடர்கிறது. பிள்ளையைக் கூட்டிப் போவதற்காகவே வேலைக்குப் போகாமல் இருக்கும் தாய்க்கு அந்த அட்டை கிடையாது. பிள்ளைக்குப் பிள்ளைச் சலுகை. தகப்பனாருக்கு வேலைச் சலுகை. நடுவில் நிற்கும் உம்மா முழுக் கட்டணம். வேலை பார்க்காத, வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் என்றால் எந்தப் பட்டியலிலும் பெயர் வராது.

கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள குடிமக்களின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிடுகிறது. பொதுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் பயணத் தொகை உண்டு. அது அரசாங்கப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் உரியது. முழுநேர மதரஸாக்களுக்கு வேறு வழி. முயிஸ் நடத்தும் ப்ரோமாஸ் என்ற உதவித் திட்டம் மதரஸாப் பிள்ளைகளுக்காகவே இருப்பது; மதரஸா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஊனமுற்றவர்களுக்கும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் தனிப் போக்குவரத்து மானியம் இருக்கிறது. கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளையை ரயிலில் ஏற்ற முயன்றவர்களுக்குத்தான் அந்த மானியத்தின் அருமை தெரியும். திடீரென்று வேலை போய்விட்ட குடும்பங்கள் காம்கேர் உதவிக்குச் சமூக சேவை அலுவலகத்துக்குப் போகலாம்; தெம்பனிஸிலேயே ஒரு அலுவலகம் இருக்கிறது.

தெம்பனிஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் என்று நான் சொல்லவில்லை. இங்கே தொடக்கப்பள்ளிகள் நிறைய. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இடம் தருவதில் முன்னுரிமையும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் நடந்தே போகிறார்கள். கஷ்டம் யாருக்கு என்று பார்த்தால், மதரஸாப் பிள்ளைகளுக்கு. வீடு மாறியும் பழைய பள்ளியிலேயே தொடரும் பிள்ளைகளுக்கு. தன் பள்ளியில் தமிழ் இல்லாததால் வேறிடத்துக்குத் தமிழ் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு. மாதம் இரண்டு மூன்று தடவை புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளிப் பிள்ளைகளுக்கு. சிங்கப்பூரில் முழுநேர மதரஸாக்கள் ஆறு. 1912-ல் தொடங்கிய அஸ்ஸகாஃப், 1927-ல் தொடங்கிய அல்ஜுனிட், 1936-ல் தொடங்கிய அல்மஆரிஃப் என்று பெருமைக்குரிய பெயர்கள். ஆறில் ஒன்றுகூடத் தெம்பனிஸில் இல்லை.

இந்தத் தூரம் எப்படி வந்தது? நம் ஜனங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் தஞ்சோங் பகாரில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி வேண்டும் என்றதும் 1946-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் அங்கேயே உமறுப் புலவர் பெயரில் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். பள்ளியைப் பிள்ளையின் வாசலுக்குக் கொண்டுவந்த பெரியவர்கள் அவர்கள். அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து 1982-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அந்தப் பெயர் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக வாழ்ந்து வருகிறது. இன்று அது தேக்காவுக்கு அருகே பீட்டி சாலையில் இருக்கிறது. இதற்கிடையில் நாம் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறித் தீவு முழுவதும் பரவிவிட்டோம். பரவியதில் நன்மை அதிகம். நல்ல வீடு கிடைத்தது, பல இனத்தாரோடு கலந்து வாழப் பழகினோம். ஆனால் பாட்டியின் வீடும் பள்ளியும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருந்த காலம் போய்விட்டது. பிள்ளையைக் கொண்டு விட மச்சியோ மாமியோ பக்கத்து வீட்டில் இல்லை. அன்றைக்கு உறவு செய்த வேலையை இன்றைக்குக் காசு செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாய் காசு கொடுக்காமல் திரும்பி வரலாம். பீடி சுற்றப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஊருக்குப் போய்வரும் நம்மவர்கள் இதைக் கேலியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கேலி பேசுகிறவர்கள் காரில் போகிறவர்கள். அந்த ஊர் வழக்கத்தில் இருந்துவிட்டு இங்கே வந்த மருமகளுக்கு, ஒவ்வொரு தடவையும் அட்டையைத் தட்டும்போது என்ன தோன்றும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இனி, கொடுப்பது எப்படி என்ற விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நமக்குப் பாடம் தேவைப்படுகிறது.

முதல் உதவி காசு அல்ல, விசாரணை. ஏற்கெனவே இவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். சம்பளச் சீட்டு கேட்பார்கள். கணவர் வேலை முடிந்து வரும்போது அலுவலகம் மூடியிருக்கலாம். இந்தத் தடங்கல்களில் பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் என்னென்னவோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தாய்க்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கட்டுமே. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையும் பலர் அறியார். முஸ்லிம் என்ற முறையில் 1982-ல் உண்டான மெண்டாக்கியை அணுகலாம். இந்தியர் என்ற முறையில் 1991-ல் உண்டான சிண்டாவை அணுகலாம். ஒரு கதவு உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் மனம் தளராமல் நேரே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியும் குறை விழும் இடத்தில்தான் நம் காசு. இங்கே ஜகாத்தையும் ஸதக்காவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் ஜகாத்தை வசூலித்து விநியோகிக்கும் பொறுப்பு சட்டப்படி முயிஸிடம் இருக்கிறது. அதை அங்கேயே செலுத்துவோம். ஜகாத்துக்கு உரிய எட்டு வகையாரில் இப்னுஸ் ஸபீல் என்ற வழிப்போக்கர் ஒருவர் உண்டே, தினமும் ரயிலில் போகிறவர் அதில் வரமாட்டாரா என்று ஒரு நண்பர் கேட்டார். ஊரை விட்டுப் பிரயாணம் புறப்பட்டு வழியில் கையிருப்பு இல்லாமல் நிற்பவரையே அந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பிள்ளை அதில் சேராது. அந்தக் குடும்பத்துக்கு ஜகாத் உரிமை இருந்தால் அது ஏழை, மிஸ்கீன் என்ற வகையில் வரும். மற்ற நுட்பங்களை ஹஸ்ரத்மார்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. நான் இங்கே சொல்வது ஸதக்காவைப் பற்றி மட்டும். அதையும் அவரவர் தம் கைக்காசிலிருந்து செய்ய வேண்டும். பொதுமக்களிடம் வசூல் செய்வதற்கு உரிமம் தேவை. அவசரப்பட்டுக் கடையில் உண்டியல் வைத்துவிட வேண்டாம்.

கையில் பணமாகக் கொடுப்பதா, அட்டையில் நிரப்பிக் கொடுப்பதா? பணமாகக் கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடும் என்பது நம் வழக்கமான வாதம். போனால் என்ன? அன்றைக்கு அரிசி அவசரமாக இருந்திருக்கும். ஒரு வீட்டின் அவசரம் அந்த வீட்டுத் தாய்க்குத் தெரியும். இருந்தாலும் பயணத்துக்கென்றே ஒதுக்கிவைக்க விரும்பும் தாய்மார்களும் உண்டு. அவர்களுக்கு அட்டையே மேல். அப்படியானால் நிலையத்தில் இயந்திரத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்து நாம் பணம் போடக் கூடாது. முன்பே நிரப்பிய அட்டையை ஒரு உறையில் போட்டு, சாமானோடு சாமானாகப் பையில் வைத்துக் கொடுத்தால் போதும். நம் வீட்டுப் பெண்கள் கையால் கொடுத்தால் இன்னும் நல்லது. சிரமத்தை முகத்தில் காட்டாமல், கேட்கவும் கூசி, பார்ப்பவர்கள் வசதிக்காரர் என்று நினைக்கும்படி வாழும் ஏழைகளைப் பற்றி திருமறை 2-ஆம் அத்தியாயம் 273-ஆம் வசனத்தில் பேசுகிறது. அவர்களை மேடைக்கு அழைத்துப் படம் எடுத்தால் அந்த மறைவை நாமே கிழித்ததாகும்.

இன்னொன்று. நம் தர்மம் முழுவதும் ரமலானில் கொட்டுகிறது. அரிசி, எண்ணெய், பேரீச்சம் பழம் எல்லாம் ஒரே மாதத்தில் ஒரே வீட்டுக்கு நான்கு பேரிடமிருந்து போய்ச் சேருகின்றன. ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து போகும். பள்ளி நகராது, ஜனவரியில் திறக்கும், நவம்பர் வரை ஒவ்வொரு நாளும் காலையில் கட்டணம் கேட்கும். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற ஹதீஸின் கருத்தை நாம் தொழுகைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடம் நடக்கும் பத்து மாதமும் தவறாமல் வரும் சிறு தொகை, ரமலானில் வரும் பெரிய மூட்டையைவிட அந்தத் தாய்க்கு அதிகம் உதவும்.

சில சகோதரர்கள் நல்லெண்ணத்தில், “நம் வேன்தான் காலையில் சும்மா போகிறதே, பிள்ளைகளை ஏற்றிப் போகலாமே” என்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். சாமான் ஏற்றும் வண்டியின் பின்புறத்தில் பிள்ளைகளை ஏற்றுவது ஆபத்து, சட்டமும் விடாது. சொந்தக் காரில் இலவசமாகக் கூட்டிப் போவதானால் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு உரிய இருக்கை வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஏற்றினால் அது உரிமம் வேண்டிய தொழிலாகிவிடும். தனித்த பெண்ணை அந்நிய ஆண் காரில் கூட்டிப் போவதில் மார்க்கத்தின் வரம்பும் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் யாராவது உடன் இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் பார்த்தால் ரயில் கட்டணம் கொடுப்பதே சுலபம்.

தாய் கூடப் போவதையே குறைக்கவும் ஒரு வழி உண்டு. ஒரே புளோக்கிலோ அடுத்தடுத்த புளோக்குகளிலோ ஒரே மதரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். தாய்மார்களுக்குள் அறிமுகம் இருக்காது. கடைக்காரராகிய நமக்கு இருவரையும் தெரியும். ஒரு வாரம் இந்த உம்மா, மறு வாரம் அந்த உம்மா என்று முறை வைத்துக்கொண்டால் இருவருக்கும் செலவு பாதியாகும். இதற்கு நம் காசு ஒரு வெள்ளிகூட ஆகாது. அறிமுகப்படுத்தி வைத்தால் போதும். தொடக்கநிலை நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பழகியதும் சேர்ந்து தாங்களாகவே போகப் பழகிக்கொள்வார்கள். ஆக இந்த உதவி ஒரு பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் வேண்டியதில்லை. மூன்று நான்கு வருஷத்துப் பாரம்தான்.

பத்ருக்குப் போகும்போது முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்; ஒட்டகங்கள் எழுபது. ஒரு ஒட்டகத்தில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஏறினார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கும் அலீ (ரலி) அவர்கள் உட்பட இரண்டு கூட்டாளிகள். தங்கள் முறையை விட்டுக்கொடுத்துத் தாங்கள் நடந்து வருவதாக அவ்விருவரும் சொன்னபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதிக்காமல் தம் முறை வந்தபோது இறங்கி நடந்தார்கள். அந்தக் கணக்கையே நாமும் வைத்துக்கொள்ளலாம். மூன்று கடைக்காரர்களுக்கு ஒரு பிள்ளை. மேலே சொன்ன 160 வெள்ளியை மூன்றாகப் பிரித்தால் ஒரு கடைக்கு மாதம் 53 வெள்ளி 35 காசுக்குள் வரும். தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டால் அதிலும் பாதி. ஒருவருக்கு ஒரு மாதம் கை இறுக்கமாக இருந்தால் மற்ற இருவரும் சமாளித்துக்கொள்ளலாம்.

நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் இதற்கான வேலையைத் தொடங்குவது உசிதம். அடுத்த ஆண்டு எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். படிவங்களைப் பார்க்கவும் நேரம் இருக்கும். நான் சொன்ன சகோதரியின் வீட்டுக்கு என் மனைவி சென்ற வாரம் போய் வந்தாள். அதே புளோக்கின் ஒன்பதாவது மாடியிலிருந்து இன்னொரு பிள்ளையும் அதே மதரஸாவுக்குப் போகிறதாம். இரண்டு தாய்மார்களும் இதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லையாம்.